ஒன்பது ஊசிகளும் ஒரு வாக்கும்

ஒன்பதாவது ஊசி இடுப்பில் இறங்கியபோது சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெற வந்த இடத்தில் சிரிக்கிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். ஊசி என்றால் நாலு வளவு தாண்டி ஓடுகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று கக்கூசுக்குள் ஒளிந்திருந்து, மணி அடித்த பிறகு வெளியே வந்தவள். இன்றைக்குப் பார்த்தால் உச்சந்தலையில் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் கைக்கு ஒன்று, கணுக்காலுக்கு மேலே காலுக்கு ஒன்று, முதுகின் அடியில் நாலு, எல்லாம் பேறுகால நோவைக் குறைக்கிற அக்குபங்சர் ஊசிகள், அவளே தலையாட்டிக் குத்துவித்துக்கொண்டவை. மருத்துவிச்சி குனில்லா நெடிய மனுஷி, அறுபதை எட்டிக்கொண்டிருப்பவள், காதில் ஒரு பென்சில். ஒவ்வொரு ஊசியையும் விரல் நுனியால் மெல்லத் திருகி, "பாரமாக இழுக்கிறதா? இழுத்தால் சொல்லு" என்று ஸ்வீடிஷில் கேட்டாள். இழுத்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மந்தமான பாரம், சதைக்குள் யாரோ விரலை வைத்து "இஞ்சை நான் இருக்கிறன்" என்று சொல்வதைப்போல. நோ போய்விட்டதா என்றால் போகவில்லை. நோவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒருவர் நடந்துபோகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் நினைப்பெல்லாம் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தன. "நாற்பது நிமிஷம் இப்படியே பக்கவாட்டில் படுத்திரு, இடையில் ஒருதரம் வந்து திருகிவிட்டுப் போவேன்" என்று குனில்லா வெளியே போனாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏப்ரல் மாதத்து வெயில், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் போதும், ஒரு வசனம் சொல்ல நாற்பது நிமிஷம் தாராளம்.

சொல்ல வேண்டிய ஆள் எதிரே கதிரையில்தான் இருந்தாள். பவளம் மச்சாள், அண்ணனின் பெண்சாதி. மடியில் தேத்தண்ணிப் போத்தல், கையில் திருநீற்றுப் பொட்டலம், கண் முழுக்க ஊசிகளில். "எலுமிச்சம்பழத்திலை குத்தி முச்சந்தியிலை வைப்பினமே, அதுமாதிரிக் கிடக்கு" என்றாள். "நாங்கள் ஒருதருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லை, எங்களுக்கேன் இது?" சுகிர்தா வயிறு குலுங்கச் சிரிக்கப் பார்த்து, முதுகு ஊசிகளை நினைத்து அடக்கிக்கொண்டாள். பாவம் மச்சாள். பாவம் என்று நினைத்த உடனே வசனம் தொண்டைக்குள் ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. அதுதான் எட்டு மாதமாக நடக்கிறது. வாய் திறக்கப் போவாள், மச்சாள் ஏதாவது ஒரு அப்பாவிக் கதை சொல்லுவாள், வசனம் பின்வாங்கிவிடும். வசனம் என்ன பெரிய வசனமா? "பிள்ளையை நான் தரமாட்டன் மச்சாள்." நாலே நாலு சொல். மனதுக்குள் ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்தாயிற்று, குளிக்கும்போது சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், ஒருதரம் கடையில் வெங்காயம் பொறுக்கும்போது சத்தமாகவே சொல்லிவிட, பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார்.

தந்த வாக்கு அப்படி. போன வருசம் பவளத்துக்கு மூன்றாவது தரமும் கலைந்துபோனபோது, அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குப் பிறக்கிற முதல் பிள்ளை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். அப்போது வயிற்றில் ஒன்றும் இல்லை, கலியாணமாகி இரண்டு மாதம்தான். அழுகிறவளுக்கு ஒரு சொல், துடைக்க ஒரு துவாய் கொடுக்கிற மாதிரி. ஆனால் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் கேதீஸ் ஒரு சொல்லைக் கேட்டால் அதைக் கையோடு காரியமாக்குகிற ஆள். அடுத்த ஞாயிறே கனடாவுக்கும் கொழும்புக்கும் டெலிபோன் எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். சகோதரத்துக்குப் பிள்ளை கொடுப்பது நம்முடைய ஆட்களிடம் இல்லாத வழக்கமா, பெரியம்மா கொடுக்கவில்லையா, சின்னையா வீட்டில் வளர்ந்த பிள்ளை டொக்டராகவில்லையா. சுகிர்தாவுக்கு வயிற்றில் தங்கியதும் அண்ணன் தொட்டில் வாங்கித் தன்னுடைய வீட்டில் பொருத்தி வைத்தான். அதற்குப்பிறகு யாருமே அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காமல் விட விட அது சீமெந்துபோல இறுகியது. கணவன் நிர்மலன்கூட வாய் திறக்கவில்லை. அவன் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை, மத்தியானக் கூட்டம் கலைந்தால்தான் விடுவார்கள். "நீங்கள் அண்ணனும் தங்கச்சியும் கதைச்சது" என்று ஒருநாள் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் தோய்க்கப் போட்ட அவனுடைய கோட்டுப் பையில் பெருவிரல் அளவில் ஒரு சோடிச் சொக்ஸ் கிடந்தது. அதைக் கண்ட அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல, அவன்மீது வந்த கோபமில்லை, எல்லார்மீதும், முதலில் தன்னுடைய வாய்மீதே.

நோ ஏறுகிறது. அடியில் தொடங்கி, முதுகைச் சுற்றி, ஒரு பெரிய கை பிழிகிறது. பிழியட்டும். ஊசிகள் இருக்கிற இடமெல்லாம் விண் விண் என்கிறது. மூச்சை வாயால் விடு, மூக்கால் எடு. பவளம் எழும்பி வந்து ஊசியில்லாத தோளைத் தேடிப் பிடித்தாள். "நோகுதோ?" ஓம் நோகுது. நோகிறபோதும் உள்ளே ஒரு குதியாட்டம், கார்த்திகை விளக்கீட்டன்று எல்லா விளக்கும் ஒன்றாக ஏறுகிற நேரத்துச் சின்னப்பிள்ளைக்கு வருகிற குதியாட்டம், வரப்போகிறது, வரப்போகிறது, இன்றைக்கே இந்த வெயில் இருக்கும்போதே ஒருவர் வந்து சேரப்போகிறார், முகம் எப்படியோ தெரியாது, குரல் எப்படியோ தெரியாது. நோ இறங்கியது. கடிகாரத்தில் பதினொன்றைத் தாண்டி மூன்று நிமிஷம்.

யாரும் அறியாத விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. அதை நினைத்தால் உடம்பெல்லாம் சூடேறும். நிலவறையில் கற்ற சொற்களால் கிடைத்த விஷயம் அது. நகரசபையின் பழைய கடதாசிகள் இருக்கிற நிலவறையில் அவளுக்கு வேலைப் பயிற்சி. வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள்: பழைய கோவைகளிலிருந்து துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றுவது. கிளிப்பைக் கழற்றி, துருவைத் தட்டி, தாளைப் புது உறைக்குள் வைப்பது. நாள் முழுக்க அதுதான். எல்லாம் பிள்ளைகளின் கோவைகள். கலியாணம் முடிக்காத பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்கென்று நகரசபை ஒரு காவலரை நியமிக்கும். பார்னவோர்ட்ஸ்மான் என்று பெயர். அவர் வருவார், பார்ப்பார், எழுதுவார். ஐம்பது அறுபது வருசம் அப்படி நடந்திருக்கிறது, எழுபதுகளில்தான் நிற்பாட்டினார்களாம். சுகிர்தா ஸ்வீடிஷ் படித்தது அந்தக் காவலர்களிடம்தான். வெங்காயத்துக்கு என்ன சொல் என்று தெரிய முதல் "பாதுகாவலர்" என்பதற்குச் சொல் தெரியும், "உரிய வயதை அடைந்தவள்" தெரியும், "மேற்படி தாயார்" தெரியும். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் "மேற்படி தாயார் வந்திருக்கிறேன்" என்கிற மாதிரி ஏதோ சொல்லி வைக்க, வரவேற்பில் இருந்த பெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லட்டும், சிரிக்கட்டும், அந்தச் சொற்களில்தான் சாவி இருந்தது.

அந்தக் கோவைகளைக் கட்டி வைத்திருந்த மேற்பார்வைக்காரி ஒருநாள் கோப்பி குடிக்கும்போது சொன்னாள், அதற்கும் முந்திய காலத்தில் பிள்ளைக்கு மட்டுமா, பிள்ளை பெற்றவளுக்கே பாதுகாவலர் இருந்தாராம். கலியாணம் முடிக்காத பெண்ணுக்கு இருபதானாலும் ஐம்பதானாலும் சட்டத்தின் கண்ணில் அவள் சிறுபிள்ளை. தகப்பன், இல்லாவிட்டால் அண்ணன், இல்லாவிட்டால் மாமன், அவளுக்காக அவர்தான் பேசுவார், கையெழுத்து வைப்பார். பிறகு, நூற்றைம்பது வருசத்துக்குக் கொஞ்சம் முந்தி, இருபத்தைந்து வயதானவள் கோர்ட்டில் போய் எழுதிக் கொடுத்தால் வளர்ந்தவளாக ஏற்றுக்கொள்ளலாம் என்று வந்ததாம். கலியாணம் முடித்தாலோ திரும்பவும் புருஷனுக்குக் கீழே சிறுபிள்ளை. இதைக் கேட்டு சுகிர்தா, "எங்கடை அண்ணன் பழைய ஸ்வீடன்காரன்" என்று நினைத்துத் தனக்குள் சிரித்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. இன்றுவரை ஒரு தாளையும் அவள் தானாக நிரப்பியதில்லை. விசாப் படிவம் அண்ணன், வேலைப் பயிற்சிப் படிவம் அண்ணன், வீட்டுக்கு விண்ணப்பம் அண்ணன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வைப்பது மட்டும் அவள். கெட்டவனில்லை அவன். வெயிலிலும் பனியிலும் வரிசையில் நின்று, போரிலிருந்து அவளைக் கூப்பிட்டெடுத்தவன். கெட்டவனாக இருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

கிளிப் கழற்றிய கோவைகளில் ஒன்று மட்டும் துருவைப்போலக் கையில் ஒட்டிக்கொண்டது. எல்ஸா என்கிற வேலைக்காரப் பெண்ணுடையது, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று. காவலர் நல்ல கையெழுத்துக்காரர். "ஜன்னல் திரைகள் சுத்தம். பிள்ளை கொழுக்கிறது. மேற்படி தாயார் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள்." பிறகு ஒரு தாள்: பிள்ளையை ஒரு பண்ணைக்காரத் தம்பதிக்குக் கொடுக்கச் சம்மதம், கீழே எல்ஸாவின் கோணல் கையெழுத்து. அதற்குப் பின்னால் எல்ஸாவே எழுதிய துண்டுக் கடிதம்: "நான் கையெழுத்து வைத்த தாளைத் திருப்பித் தாருங்கள். அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை." அவ்வளவுதான். அடுத்த பக்கம் இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா? சுகிர்தா அடுத்த பெட்டியையும் அதற்கடுத்த பெட்டியையும் திறந்து பார்த்தாள், எல்ஸா எங்கேயும் இல்லை. அன்றைக்குச் சொல்ல வரவில்லை, அன்றைக்குச் சொல்ல வரவில்லை, பஸ்ஸில் வரும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான். சொல்ல வராமல் போவதென்றால் என்ன? வாய் இருந்தது, நாக்கு இருந்தது. எதிரே இருந்தவர்கள் நல்லவர்களாக இருந்திருப்பார்கள், அதுதான் நடந்திருக்கும்.

அந்தக் கிழமையே சமூக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் முன், முதல் தரமாக, தானே உடைத்தாள். "நீங்கள் திருமணமாகாதவர் என்பதால்" என்று தொடங்கியது. திருமணமாகாதவளா? பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தை எடுத்து, முந்நூறு பேருக்கு இலை போட்டு, ஐயர் மந்திரம் சொல்ல, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மணவறை வைத்துத் தாலி கட்டினார்களே, வீடியோ இருக்கிறதே. ஆனால் பதிவு செய்யவில்லை. நிர்மலனுடைய பிறப்புச் சான்றிதழ் ஊரிலிருந்து வரட்டும், பிறகு பார்ப்பம் என்றான் அண்ணன், எல்லாப் படிவத்தையும் நிரப்புகிற அண்ணன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். தாலி ஏறிய பிறகு படிவம் என்னத்துக்கு என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் இரண்டாந்தரம் வாசித்தபோது அந்தப் பழைய நிலவறைச் சொல் கண்ணில் பட்டது. ஆயிரம் தாளில் கண்ட சொல். பிள்ளையின் பாதுகாவலர் நீங்கள் மட்டுமே. தகப்பன் வந்து ஒப்புக்கொண்டு, நீங்கள் அதை ஏற்றுக் கையெழுத்திடும்வரை நீங்கள் மட்டுமே. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்று மூன்றாந்தரம் வாசித்தாள். நீங்கள் மட்டுமே. இந்தத் தேசத்தில், இந்தப் பிள்ளைக்கு, அண்ணன் இல்லை, நகரசபை மனுசன் இல்லை, அவள். அவள் கையெழுத்தில்லாமல் பிள்ளை ஒரு அடி நகராது. உடம்பு நடுங்கியது, பயத்தில்தான் என்று முதலில் நினைத்தாள், பிறகுதான் தெரிந்தது அது சந்தோஷம் என்று.

குனில்லா வந்தாள். மணியைப் பார்த்தாள், ஒவ்வொரு ஊசியாகத் திருகினாள். தலையில் திருகியபோது பின்கழுத்துவரை ஒரு கதகதப்பு வழிந்தது. "நன்றாகப் போகிறாய். இன்னும் இருபது நிமிஷம்" என்றாள். போகும்போது பவளத்தைப் பார்த்து, "நீங்கள்தான் பிள்ளையை முதலில் வாங்கப்போகிறவர், அப்படித்தானே? காலையில் வந்தவர் சொல்லி எழுதுவித்தார்" என்று கேட்டாள். பவளத்துக்கு ஸ்வீடிஷ் அரைகுறை, தலையை ஆட்டினாள். அண்ணன் அதையும் செய்துவிட்டுப் போயிருக்கிறான். நாலு மணிக்கு வருவான், சுவீகாரப் படிவத்தோடு, பென்சிலால் எல்லாம் நிரப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தில் பெருக்கல் போட்டு. தாய் தேறும்வரை கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கலாம், அண்ணனுக்கு அவசரம் சட்டத்துக்கு முந்தி. அந்தப் படிவத்துக்கு அவள் பயப்படவில்லை. பயம் வேறு. பிள்ளை பிறந்து, துடைத்து, பவளத்தின் கைக்குப் போய், எட்டு வருசமாக வெறுமையாய்க் கிடந்த அந்த மடியில் படுத்து, பவளம் குனிந்து பார்த்துவிட்டாளென்றால், அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? பிள்ளையின் வெளிச்சம் முகத்தில் பட்டவளிடம் போய் "தா" என்று கேட்க முடியுமா? முடியாது, தனக்கு அது முடியாது என்று அவளுக்குத் தெரியும், தன்னுடைய குணம் தனக்குத் தெரியாதா. சொன்னால் இப்போது. இந்த இருபது நிமிஷம். இனி வரப்போகிற நோ கதைக்க விடாது.

அடுத்த நோ. இந்தத் தரம் கை இரண்டாலும் பிழிகிறது. ஊசிகள் எட்டத்தில் எங்கேயோ மினுங்குகின்றன. அதற்குள்ளே இருந்தபடி யோசிக்கிறாள், யோசிக்க முடிகிறதே என்று வியப்பு. மச்சாளுக்கு என்ன ஆகும்? எழும்பிப் போய்விடுவாளா? விழுந்து அழுவாளா? தேத்தண்ணிப் போத்தலை எறிவாளா, மச்சாள் எறியமாட்டாள், மச்சாள் ஒரு குண்டூசியைக்கூட எறியாதவள். சின்ன வயதில் சுகிர்தாவுக்குத் தலை பின்னிவிட்டவள் இல்லை அவள், ஆனால் இந்தக் குளிர் தேசத்தில் முதல் நாள் எயார்போர்ட்டில் தன்னுடைய கம்பளி உடுப்பைக் கழற்றி இவளுக்குப் போட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டே கார்வரைக்கும் நடந்தவள். அந்தக் கையிலிருந்து பறிக்கப்போகிறேன். பறிக்கவில்லை, கொடுக்கவில்லை, இரண்டும் ஒன்றா, ஒன்றில்லை, இல்லை ஒன்றுதான். எல்ஸாவுக்கும் இப்படித்தான் சுற்றியிருக்கும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் பேனையை எடுத்திருப்பாள். நோ இறங்க இறங்க ஒரு வேகம் வந்தது. உயரத்திலிருந்து குளத்தில் குதிக்க முதல் கால்விரல் கல்லை விடுகிற வேகம். இனி நிற்பாட்ட முடியாது, நல்லகாலம், இனி நிற்பாட்ட முடியாது.

"மச்சாள்."

"தண்ணி வேணுமோ?"

"இல்லை. பிள்ளையை நான் தரமாட்டன் மச்சாள்."

சொல்லியாயிற்று. இவ்வளவுதானா? அறை அப்படியே இருந்தது. கூரை சொட்டியது. உடம்பு பஞ்சாகி மிதந்தது, ஒரு கணம் சத்தம் போட்டுப் பாடலாம்போல இருந்தது. பிறகுதான் மச்சாளின் முகத்தைப் பார்க்கத் துணிவு வந்தது. பவளம் அழவில்லை. திருநீற்றுப் பொட்டலத்தை மடித்து, இன்னும் மடித்து, நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் இருந்தது கோபம். மச்சாளுக்குக் கோபம் வரும் என்று சுகிர்தாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஒரு வருசத்துக்கு முதல் நீரும் கொண்ணருமாச் சேர்ந்து, என்னட்டைக் கேக்காமல் எனக்கொரு பிள்ளையைத் தந்தியள்" என்றாள் பவளம். "இப்ப, என்னட்டைக் கேக்காமலே எடுக்கிறீர்."

உங்களுக்கு ஆசைதானே என்று சொல்ல வந்த சுகிர்தா, அதைக் கேள்வியாக மாற்றினாள். "உங்களுக்கு விருப்பமில்லையோ?"

"தெரியாது. அதைத்தான் சொல்லுறன். ஆரும் கேட்டால்தானே யோசிக்கிறதுக்கு. அண்டைக்கு நான் அழுதது என்ரை பிள்ளைக்கு. என்ரை மூண்டாவது பிள்ளைக்கு. அதுக்கு அழ விடாமல் நீர் உம்மடை பிள்ளையைத் தந்தீர். அடுத்த கிழமை அவர் கனடாவுக்குச் சொல்லிப்போட்டார். பிறகு தொட்டில் வந்திட்டுது. நான் அதுக்குள்ளை தோய்ச்ச சீலையளை மடிச்சு வைக்கிறன், தெரியுமோ?"

எட்டு மாதம். எட்டு மாதமாக இவள் வாய்க்குள் ஒரு வசனத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், மச்சாளின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. மச்சாள் என்றால் ஆசை, மச்சாள் என்றால் வெறும் மடி, அந்தக் காவலரைப்போல அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. ஜன்னல் திரைகள் சுத்தம். வெட்கம் சுள்ளென்று ஏறியது, ஒன்பது ஊசியும் சேர்ந்து குத்தாத குத்து. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயும் அந்தக் குதியாட்டம் நிற்கவில்லை, இன்னும் கூடியது. எதிரே இருக்கிற மனுஷியை இப்போதுதான் முதல் தரமாகக் காண்கிறாள்.

"மச்சாள், பிழைதான். நான் கேட்டிருக்கோணும்." மூச்சு முட்டியது. அடியில் அடுத்த நோ திரளத் தொடங்கிவிட்டது. "இப்ப ஒண்டு கேக்கிறன். பிள்ளை பிறக்கேக்கை இஞ்சை நிக்க உங்களுக்கு விருப்பமோ? இல்லாட்டிப் போங்கோ. சத்தியமா நான் கோவிக்கமாட்டன்."

பவளம் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தன்னுடைய கைகளைப் பார்த்தாள். நோ முதுகைச் சுற்றி வளைத்து ஏறியது. சுகிர்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அவளை அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கிறன்" என்றாள் பவளம் கடைசியில். "விருப்பம்தான். ஆனால் கொண்ணர் வந்தால் எனக்காக நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். உம்மடையை நீர் சொல்லும். என்ரையை நான் சொல்லுறன்."